ஜோசப்ராஜின் ஐந்தாம் பாடம்

“அது ஏழாம் நம்பர் கம்பு. அதக் கொண்டுபோயி முருங்கைக்காய் பறிக்கிறியே, வெளிநாட்டுச் சாமான்னு ஒரு மரியாத வேணாமா?”

“பதினாலு கம்பு வச்சிருக்கீங்க. வீட்டுல ஒரு தொரட்டி கெடையாது. நான் என்னத்தக் கொண்டு பறிக்கிறது?”

“அதுல ஒரு கீறல் விழுந்தா பந்து கோணப் போவும்.”

“இப்ப மட்டும் நேராவா போவுது? நேத்து கெழக்க பாத்து அடிச்சீங்க. ஜலீல் பாய் கடை வாழத்தாருல போய் பட்டுச்சு. அவரு கடை தெக்க இருக்கு.”

ஈரத் துணி காயப்போட எனக்கு வழக்கமாகப் பத்து நிமிடம் ஆகும். பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும் நாட்களில் கொஞ்சம் கூடும். அன்றைக்கு ஒரே பாவாடையை நான்கு முறை உதறினேன்.

“டீச்சரக்கா, செவத்துக்கு அந்தாண்டதான நிக்கிறீங்க?” என்று ஜோசப்ராஜ் கூப்பிட்டார்.

“துணி காயப்போடுறேன் தம்பி.”

“தெரியும். இந்தப் பொஸ்தகத்தக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்ல முடியுமா? நான் எட்டாவதோட நின்னவன்.”

“வாசிச்சுச் சொல்லுங்க டீச்சர்,” என்றாள் அவர் மனைவி அனிட்டா. “இல்லாட்டி இவரு அடிச்சு அடிச்சு இந்தத் தெருவுல ஒரு ஓடு மிஞ்சாது.”

இந்தத் தெருவில் நடந்த எல்லாவற்றையும் நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். யார் வீட்டுப் பெண் எந்தப் பஸ்ஸில் ஏறினாள், யார் வீட்டில் கறி கொதித்தும் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் வரவில்லை, எல்லாம். ஜோசப்ராஜ் விஷயத்தை மட்டும் பன்னிரண்டு வருடமாகச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, யாரும் கேட்கவில்லை. கேட்காமல் போய்ச் சொல்வது நாகரிகமில்லை என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தோன்றியது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பேராவூரணி கடைத்தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். பதினெட்டு மெஷின், எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வந்த பிறகு அதில் ஆறுக்குத்தான் விரல் கிடைத்தது. ஊருக்கு நான் அருள்ஜோதி டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கான காரணங்களை என்னைவிட ஊர் நன்றாகச் சொல்லும். எங்கள் தெருவில் முதலில் போன் வந்தது என் வீட்டுக்குத்தான். ஜோசப்ராஜ் பஹ்ரைனில் சாரம் கட்டும் வேலையில் ஃபோர்மேன். பதினோரு வருடம், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அவர் என் நம்பருக்குத்தான் கூப்பிட்டார். மூன்று மணிக்கே அனிட்டா மகள் ஜெனித்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஜெனித் என் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். அனிட்டா என் முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தெருக்கதை கேட்பாள். போன் அடித்ததும் நான் நாகரிகமாக அடுப்படிக்குப் போய்விடுவேன். என் அடுப்படிக்குக் கதவு கிடையாது.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் நான்கு மாத லீவில் வந்த ஜோசப்ராஜ், டேப்ரிக்கார்டரும் கம்பளியும் கொண்டுவருவார் என்று பார்த்தால், கோல்ஃப் கம்புகள் அடங்கிய ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். விஷயம் இதுதான். அவர்கள் கம்பெனி மேனேஜருக்கு வெள்ளிக்கிழமை காலையில் கோல்ஃப் ஆடாவிட்டால் சாப்பாடு இறங்காதாம். அங்கே புல் ஏது. எண்ணெய் தெளித்து இறுக்கிய மணல்தான். ஆளுக்கு ஒரு துண்டுப் பச்சைப் பாயைக் கையில் எடுத்துப்போய், அதை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்களாம். ஜோசப்ராஜ் இரண்டு வருடம் மேனேஜரின் பையைச் சுமந்தார். மற்றக் கம்பெனிகளோடு ஆடும் டீமில் ஓர் ஆள் குறைந்தபோது மேனேஜர் சொல்லியிருக்கிறார்: நேராக அடிக்கக் கற்றுக்கொண்டு வா, தொழிலாளர் கேம்ப் பொறுப்பு உனக்கு, குடும்ப விசாவும் உனக்கு. சொல்லி, தன் பழைய கம்புகளையும், ஒரு பச்சைப் பாயையும், பன்னிரண்டு பாடங்கள் உள்ள ஓர் ஆங்கிலப் புத்தகத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆக, ஒரு குடும்பம் கடல் தாண்டுவதும் தாண்டாததும் ஒரு வெள்ளைப் பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதில் இருந்தது. நாடு திறந்துவிட்டது, உலகம் உள்ளே வருகிறது என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு அது இப்படித்தான் வந்து சேர்ந்தது.

மறுநாளிலிருந்து காலை ஆறரை மணிக்கு, இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருந்த அவர்களுடைய தென்னந்தோப்பில் பாடம். நான் மோட்டார் கொட்டகைப் படியில் புத்தகத்தோடு உட்காருவேன். அவர் இரண்டு மரவரிசைக்கு நடுவில் பாயை விரித்து நிற்பார். முதல் பாடம் கைப்பிடி. இரண்டாவது கால் அகலம். மூன்றாவது தோள். நான்காவது இடுப்பு, கதவு திறப்பதுபோல் இடுப்பு திறக்க வேண்டும் என்றது புத்தகம். ஜோசப்ராஜின் இடுப்பு தாழ்ப்பாள் போட்ட கதவு. கக்கத்தில் துண்டைச் செருகிக்கொண்டு அது நழுவாமல் ஐம்பது முறை வீச வேண்டும், துண்டு விழும். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஐம்பது முறை வீச வேண்டும், அவரே விழுவார். பந்து கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல் வலப்பக்கம் வளையும். தண்ணீர் விடாத கிளைவாய்க்காலில் விழும். எருக்குழியில் விழும். ஒரு முறை பங்குச் சாமியார் வீட்டுக் கறவை மாட்டின் மேல் விழுந்து, மூன்று நாள் அது பால் சுரக்கவில்லை என்று புகார் வந்தது.

“என்னக்கா இது,” என்று கம்பை மண்ணில் குத்துவார். “நாப்பதடி ஒசரத்துல நின்னு நூல் புடிச்ச மாதிரி சாரம் கட்டுறவன் நான். எலுமிச்சம்பழம் அளவு பந்து இந்தப் பாடு படுத்துது.”

ஆறு வாரம் இப்படியே போனது. அவருக்கு எரிச்சல். எனக்கு அவரைவிட எரிச்சல். ஏனென்றால் நோய் என்ன என்று எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

எனக்குக் கோல்ஃப் தெரியாது. டைப்ரைட்டிங் பரீட்சையில் தோற்கிறவர்களைத் தெரியும். கை செய்கிற வேலையைக் கண் போய்ச் சோதித்துப் பார்த்தால் கை கெட்டுவிடும். கம்பு பந்தில் படுவதற்கு ஓர் இமைநேரம் முன்னாலேயே ஜோசப்ராஜின் தலை எழுந்துவிடும். தலையோடு தோள் எழும், தோளோடு கம்பு கோணும். தென்னந்தோப்பில் வளர்ந்தவர்களுக்கு இது இருந்தே தீரும். எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைகூட மரத்தடியில் நிற்பதற்கு முன் மேலே பார்க்கும். விர்ரென்று ஒரு சத்தம் கேட்டால் கழுத்து தானாக நிமிரும், கால் தானாக விலகும். கம்பின் சத்தத்தை அவர் கழுத்து மரத்தின் சத்தமாக எடுத்துக்கொண்டது. பதினோரு வருடம் மரமில்லாத ஊரில் இருந்தும் அது போகவில்லை.

புத்தகத்தின் ஐந்தாம் பாடம் அதைப் பற்றியதுதான். அடித்த பிறகும் தலையைத் தூக்கக் கூடாது. கண் பந்து இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அந்தப் பாடத்தை நான் வாசிக்கவில்லை. நான்கிலிருந்து ஆறுக்குப் போனேன். அதில் படம் அதிகம், விஷயம் குறைவு என்று அப்போது எனக்குப் பட்டது.

மார்ச் கடைசியில் மரமேறுகிற அடைக்கலசாமி வந்தான். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தேங்காய் வெட்டு. ஜோசப்ராஜ் ஊரில் இல்லாத வருடங்களில் தோப்பு வெட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆகவே அவர் ஊரில் இருக்கும்போதும் அடைக்கலசாமி என்னிடம்தான் வந்து நின்றான். கொட்டகை வரிசையை மட்டும் விட்டுவிடு, மட்டையும் பாளையும் விழுந்து கிடந்தால் பந்து தேட முடியாது என்றேன். உண்மையாகவே பந்துக்காகத்தான் சொன்னேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். பின்னால் சொல்லப்போவதை நம்பத்தானே போகிறீர்கள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அனிட்டா டீ கொண்டுவந்தவள், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அடிப்பதைப் பார்த்தாள்.

“ஏங்க, ஏன் கோழி தண்ணி குடிக்கிற மாதிரி அடிச்ச ஒடனே மொகட்டப் பாக்குறீங்க? கீழயே பாருங்களேன்.”

அவர் கீழேயே பார்த்து ஒன்று அடித்தார். பந்து இரண்டு வரிசைக்கும் நடுவில், பாவாடைக்கு நாடா கோத்ததுபோல், நேராகப் போய் விழுந்தது. பிறகு அவர், “டீச்சரக்கா, இது பொஸ்தகத்துல இல்லையா?” என்று கேட்டார்.

“பின்னால வரும் தம்பி,” என்றேன்.

பதினெட்டு மெஷினை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அரிசியில் கல் பொறுக்குகிற ஒருத்தி, ஒரே பார்வையில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத் தம்ளரை வாங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப்பாருங்கள். ஏப்ரல் முடியும்போது பத்துக்கு ஆறு நேராகப் போனது. தலை இன்னும் நான்கு முறை எழுந்தது. அந்த நான்கை நம்பித்தான் நான் இருந்தேன்.

மே மாதம் தஞ்சாவூர் போய் இரண்டு பெட்டி வாங்கி வந்தார்கள். சக்கரம் வைத்த பெட்டி. ஜெனித் அதைத் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்து பார்த்தாள். “டீச்சரம்மா, அங்க எங்களுக்கே சொந்தமா போன் இருக்குமாம்,” என்றாள். அனிட்டா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்:

“இனிமே வெள்ளிக்கிழமை ஒங்களுக்குத் தொந்தரவு இல்ல டீச்சர். எங்களால பதினோரு வருசமா ஒரு கல்யாணம் காச்சிக்குக்கூட நீங்க நிம்மதியா போயிருக்க மாட்டீங்க.”

நன்றியோடுதான் சொன்னாள். அனிட்டாவுக்குக் குத்திப் பேசத் தெரியாது. வெள்ளிக்கிழமையில் எனக்கு வேறு என்ன வேலை இருப்பதாக அவள் நினைத்திருந்தாள் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முறத்தை எடுத்து அரிசியில் நானே கல் பொறுக்கினேன். இருந்த எரிச்சலில் கல்லை வைத்துக்கொண்டு அரிசியை எறிந்திருக்கிறேன்.

அடுத்த வெட்டுக்கு அடைக்கலசாமி வந்தான்.

“டீச்சரம்மா, கொட்டகைகிட்ட சாஞ்சு நிக்கிற மரத்துல நெத்துத் தேங்கா முத்திப்போய்த் தொங்குது. நேத்தே ரெண்டு உதுந்து கெடக்கு. இப்ப ஏறி அறுத்துடுறேன்.”

“அவரு ஊருக்குப் போறதுக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு அடைக்கலசாமி. போனப்புறம் அறுத்துக்க.”

“அதுவரைக்கும் அதுக்குக் கீழ யாரையும் நிக்க விடாதீங்க.”

“நான் பாத்துக்குறேன்.”

பார்த்துக்கொண்டேன். அந்த மரம் வெளிச்சத்துக்காக வளைந்து, இரண்டு வரிசைக்கும் நடுவில் தன் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. கீழே மண்ணில் கிண்ணம் கிண்ணமாக இரண்டு குழி. மறுநாள் காலை ஜோசப்ராஜ் வருவதற்கு முன்னால் போய், பழைய இடத்தில் கிடந்த பச்சைப் பாயை எடுத்து அந்தக் குழிகள்மேல் விரித்தேன். குழி தெரியக் கூடாது என்பதற்காக இல்லை; பாய் கிடந்தால் தரை சமமாக இருக்கும்.

“ஏன்க்கா எடத்த மாத்திட்டீங்க?” என்றார்.

“அங்க கண்ணுல வெயில் அடிக்குது. இங்கேருந்து வாய்க்கால் வரைக்கும் நேர் கோடு தம்பி.”

அவர் தோப்பில் பிறந்த ஆள்தானே. நிமிர்ந்து பார்த்தார். “மேல தேங்காக் கொலை கெடக்கே.”

“அடைக்கலசாமி நேத்துத்தான் வந்து பாத்துட்டுப் போனான்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பிறகு புத்தகத்தைத் திறந்து, “இன்னைக்கு ஐந்தாம் பாடம்,” என்றேன். அடித்த பிறகு இரண்டு எண்ணும்வரை தலையைத் தூக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் பத்து என்று வாசித்தேன். ஒரு நாளைக்கு நூறு பந்து. ஒவ்வொன்றுக்கும் நான் கொட்டகைப் படியில் இருந்து, அவசரமில்லாமல், ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவேன். அவர் கழுத்தைக் குனிந்து, பாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தலை எழுந்தால் அந்தப் பந்து கணக்கில் இல்லை, திரும்ப அடிக்க வேண்டும். அவருக்கு அலுப்பு. “கழுத்து பிடிச்சுக்குதுக்கா” என்பார். “விசா வேணுமா வேணாமா?” என்பேன். தினமும் அவருக்கு முன்னால் போய், உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கி வாய்க்காலில் போட்டுவிடுவேன். காலில் தடுக்கும்.

முதல் மூன்று நாள் காற்று கொஞ்சம் அசைந்தாலும் அவர் தலை வெடுக்கென்று எழுந்தது. ஐந்தாம் நாள் பாதிதான் எழுந்தது. எட்டாம் நாள் ஒரு காய்ந்த பன்னாடை அவர் தோளிலேயே வந்து விழுந்தது. அவர் பாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது வருடத்துப் பழக்கத்தை எட்டு நாளில் மாற்றியிருந்தேன். என்னிடம் படித்தவர்களில் அவரைப்போல் சொன்னபடி கேட்டவர் வேறு யாரும் இல்லை. அந்தத் திருப்தி எனக்கு இப்போதும் இருக்கிறது, இருப்பதை எதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும்.

பதினோராம் நாள் வியாழக்கிழமை. முப்பதாவது பந்தோ என்னவோ. அவ்வளவு நாளில் அவர் அடித்ததிலேயே அதுதான் நல்ல அடி. இடுப்பு திறந்தது, தோள் திரும்பியது, பந்து வரிசை நடுவில் போய் வாய்க்கால் கரையைத் தொட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு சொன்னபோது காம்பு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கழுத்து நரம்பு ஒரு முறை துடித்தது. தலை எழவில்லை. நான் ஏழு என்றேன்.

எட்டு சொல்லவில்லை.

ஜலீல் பாய் வேனில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஒரத்தநாடு தாண்டும்போது முடிந்துவிட்டது. ஏட்டு வந்து மரத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், தலையை ஆட்டினார். இறந்துபோனவர் விளையாட்டு மும்முரத்தில் மேலே கவனிக்கவில்லை என்று அறிக்கை. ஸ்டேஷனில் மெஷின் கெட்டுப்போயிருந்ததால் அதை என் இன்ஸ்டிட்யூட்டில்தான் தட்டச்சு செய்தார்கள். நானே செய்து கொடுத்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். வெட்டை நிறுத்தியது நான். பாயை மாற்றியது நான். இரண்டைப் பத்தாக்கியது நான். அந்தக் காய் ஒரு நாள் விழும், விழும்போது அவர் அங்கே நிற்பார், நின்றாலும் நிமிர மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் ஜோசப்ராஜைக் கொன்றேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பழக்கமில்லாத நாட்டில், பேச ஓர் ஆள் இல்லாமல், நான்கு சுவருக்குள் அனிட்டா என்ன பாடுபட்டிருப்பாள் என்று யாராவது யோசிக்க வேண்டுமே. நான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். போன் வராது என்று தெரிந்தும் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அவள் அழுவாள், நான் தலையைத் தடவிக்கொடுப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஆறுதலான காலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறாவது வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. முதல் நாள் அடைக்கலசாமி அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததைப் பார்த்திருந்தேன். சனிக்கிழமை காலை சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“டீச்சர், பாயை அங்க போட்டது நீங்களா?”

“வெயிலுக்காகப் போட்டேன் அனிட்டா.”

“ஐந்தாம் பாடத்த ஜெனித்த விட்டு வாசிக்கச் சொன்னேன். ரெண்டுன்னு போட்டிருக்குதாம்.”

நான் துணியை உதறினேன்.

“சரி டீச்சர்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போனால் மட்டும் என்ன எழுதுவார்கள். ஒரு மரத்தையும் ஒரு பாயையும் வைத்து என்ன எழுத முடியும்.

அந்த மாதமே தோப்பையும் வீட்டையும் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, சக்கரம் வைத்த அதே பெட்டிகளோடு மன்னார்குடியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டு வருடம் கழித்து தையல் வேலைக்குத் தனியாகவே குவைத் போனதாகக் கேள்வி. அங்கே பேச ஆள் கிடைத்ததா என்று தெரியவில்லை. ஜெனித் நர்ஸிங் படித்து முடித்தாள். போன தை மாதம் அவளுக்கு வேளாங்கண்ணியில் கல்யாணம். மாப்பிள்ளை நாகப்பட்டினம், கத்தாரில் வேலை, பெண்ணும் கூடவே போய்விட்டாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. ஜலீல் பாய் கடைக்கு வந்தது, அடைக்கலசாமிக்குக்கூட வந்தது. என் வீட்டுக்கு வரவில்லை. தபால்காரர் புதுசு, கதவு எண்ணைக் குழப்பியிருப்பார். அனிட்டா என்னை மறக்கக்கூடியவள் இல்லை.